பத்துப்பேரும் ஒருமித்து எழுப்பிய குரல்

லூக்கா நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்திலே ஆண்டவர் பத்துத் தொழுநோயாளரைக் குணமாக்கிய நிகழ்ச்சி நாம் எல்லோரும் அறிந்ததே. நன்றி சொல்லத் திரும்பிவந்த சமாரியனைப் பற்றியே பிரசங்கங்களில் பெரும்பாலும் கேட்கிறோம். ஆனால் அதற்கு முந்திய கட்டத்திலும் சற்று நின்று பார்க்கவேண்டும். யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் பழகாத காலம் அது. அப்படியிருந்தும் அந்தக் கூட்டத்தில் ஒரு சமாரியனும் இருந்தான். ஊர் தள்ளிவைத்த இடத்திலே அவர்கள் ஒரு சமூகமானார்கள். தூரத்தில் நின்று அவர்கள் கூப்பிட்டபோது ஒவ்வொருவனும் தனக்காக மட்டும் கேட்கவில்லை. எல்லோருக்குமாகச் சேர்த்தே இரக்கம் கேட்டார்கள்.

நீண்டநாள் நோயோடு வாழ்பவர்களுக்கு இதில் பாடம் உண்டு. அதை விளங்கிக்கொள்ள, அதே நோய்கண்ட ஒருவருடைய சரித்திரத்தைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையிலே, கைவிடப்பட்ட ஒரு கரும்புத் தோட்டத்தில் 1894இல் தொழுநோயாளருக்கென ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. கார்வில் என்பது அவ்விடத்தின் பெயர். 1896இல் புனித வின்சென்ட் தே பவுலின் பிறரன்புக் கன்னியர் நால்வர் அங்கே பணிக்கு வந்தனர். எவரும் கிட்டப் போக அஞ்சிய காலத்தில் அவர்கள் போனார்கள். ஆனால் அன்பான பராமரிப்பு இருந்தும், நோயாளர் முள்வேலிக்குள்ளேயே இருந்தனர். தேர்தலில் வாக்களிக்க அவர்களுக்கு உரிமையில்லை. அவர்கள் எழுதும் கடிதங்கள் கிருமிநீக்கம் செய்யப்பட்டே வெளியே போயின. குடும்பத்துக்கு அவமானம் வராதபடி பலர் உள்ளே நுழையும்போதே சொந்தப் பெயரை விட்டு வேறு பெயர் வைத்துக்கொண்டனர்.

1931இல் அங்கே வந்துசேர்ந்த ஒருவரும் அப்படியே செய்தார். மருந்துக்கடைத் தொழில் கற்ற, யூத குடும்பத்தில் பிறந்த அவர், ஸ்டான்லி ஸ்டைன் என்ற பெயரை ஏற்றார். பெயரை மறைத்தவர் வாயையும் மூடியிருப்பார் என்று நினைப்போம். நடந்தது மாறானது. அதே ஆண்டிலேயே நோயாளருக்காக ஒரு சிறு பத்திரிகையைத் தொடங்கினார். உள்ளே நடக்கும் செய்திகள், விளையாட்டு, வேடிக்கை என்று தொடங்கிய அந்தப் பத்திரிகை இடையில் நின்றுபோய், 1941இல் ‘நட்சத்திரம்’ என்ற பொருள்படும் ‘த ஸ்டார்’ என்ற பெயரில் மீண்டும் வெளிவந்தது. அதற்குள் நோய் அவருடைய கண்களைப் பறித்துவிட்டது. பிறர் வாசித்துக் காட்ட, அவர் சொல்லச் சொல்ல மற்றவர் எழுத, பத்திரிகை உலகத்தின் பல நாடுகளுக்கும் போனது. தனி ஆளின் வேலையல்ல அது, கண்ணுள்ளவர் கண்ணையும் கையுள்ளவர் கையையும் கொடுத்த கூட்டுவேலை.

அதே 1941இல் கார்வில் வைத்தியசாலையில் புரோமின் என்ற மருந்தை முதன்முதல் பரீட்சித்துப் பார்க்கவும் நோயாளரே முன்வந்தனர். நோய்க்கு மருந்து கிடைத்தது. 1946இல் வாக்குரிமை திரும்பக் கிடைத்தது. அதற்காகக் குரல் கொடுத்தவர்கள் வெளியிலிருந்து பரிதாபப்பட்டவர்கள் மட்டுமல்லர், உள்ளே இருந்தவர்களே.

ஸ்டைன் விடாமல் போராடியது ஒரு சொல்லுக்கு எதிராக. ஆங்கிலத்தில் ‘லெப்பர்’ என்பார்கள். நம் பழைய வேதாகமத்தில் ‘குஷ்டரோகி’ என்று வரும். நோயாளியை நோயின் பெயரால் அழைத்தால் மனிதன் மறைந்துபோகிறான் என்பது அவருடைய வாதம். சொல்லில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் ‘வலிப்புக்காரன்’ என்று பட்டம் சூட்டப்பட்ட பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். 1948இல் ஹவானாவில் கூடிய அனைத்துலகத் தொழுநோய் மகாநாடு அந்த ஆங்கிலச் சொல்லைக் கைவிடும்படி சிபார்சு செய்தது. ஸ்டைன் 1963இல் தம் வாழ்க்கையை நூலாக வெளியிட்டார். ‘இனித் தனியே இல்லை’ என்பது அதன் தலைப்பின் பொருள். 1967இல் அவர் காலமானார்.

நம் நாட்டிலும் ஹெந்தளையிலும் மட்டக்களப்பு வாவியின் மாந்தீவிலும் தொழுநோயாளர் ஒதுக்கி வைக்கப்பட்டதை அறிவோம். இன்றும் புதிதாக நோய் கண்டவர்கள் இருக்கிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 1981இல் சிபார்சு செய்த கூட்டு மருந்தினால் ஆறு மாதத்தில் அல்லது ஒரு வருடத்தில் இது சுகமாகும்; மருந்து இலவசம். தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் கண்டால் மறைக்காமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். கலியாணம் தடைப்படும், அயலவர் கதைப்பார்கள் என்ற பயத்தினாலேயே பல வீடுகளில் இந்த நோயும், வலிப்பும், மனநோயும் கதவுக்குப் பின்னால் வைக்கப்படுகின்றன. அப்படி வைக்கப்பட்டவருக்குத் தன்னைப்போல் அடுத்த தெருவில் இன்னொருவர் இருப்பதே தெரியாது.

பங்குகளில் நோயாளருக்கு நற்கருணை கொண்டுபோகிறவர்கள் இதில் உதவலாம். யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். இருவரின் சம்மதத்தோடு ஒருவரை மற்றவரிடம் அழைத்துப்போவது பெரிய காரியமல்ல. கத்தோலிக்கரான ரவுல் ஃபோலெரோ 1954இல் தொடக்கிய உலகத் தொழுநோய் நாள் ஜனவரி மாதக் கடைசி ஞாயிறன்று வருகிறது. அன்று நோயாளரைப் பற்றி நாம் பேசுவதை விட, விருப்பமிருந்தால் அவர்களில் ஒருவரையே பேச அழைக்கலாம்.