டவர் மேல் பழி போட்டது போதும்

மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாள் நெருங்கினாலே பள்ளிக்கூடங்களில் ஒரே ஓவியம்தான். நடுவில் செல்போன் டவர், அதைச் சுற்றிச் சிவப்பு வளையங்கள், கீழே கால்களைத் தூக்கிக்கொண்டு செத்துக்கிடக்கும் குருவி. முதல் பரிசும் அதற்கே. 2018இல், செல்போன் அலை பறவைகளைக் கொல்வதாகக் காட்டிய ‘2.0’ படம் வந்தபிறகு, மறுத்துக் கேள்வி கேட்கும் பிள்ளைகள்கூட அபூர்வமாகிவிட்டார்கள். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. சரிபார்க்காமல் சொல்லிக்கொடுக்கிற பெரியவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

காலக்கணக்கை மட்டும் பாருங்கள். பிரிட்டனில் 1970களின் பிற்பகுதியிலேயே குருவிகள் குறையத் தொடங்கிவிட்டன. அங்கே முதல் செல்போன் அழைப்பு போனது 1985 ஜனவரி 1 அன்று. வராத டவர் எப்படிக் கொல்லும்? 1920களில் குதிரை வண்டி போய் மோட்டார் வண்டி வந்தபோதும் அந்நாட்டு நகரங்களில் குருவிகள் குறைந்தன. தெருவில் சிந்தும் குதிரைத் தீவனம் இல்லாமல் போயிற்று.

நம் ஊர்க் கணக்கும் இருக்கிறது. பறவை பார்ப்பவர்கள் இ-பேர்ட் தளத்தில் ஏற்றிய பதிவுகளை வைத்து, ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 2020இல் வந்தது. 25 ஆண்டுகளுக்கும் மேலாக நாடு முழுவதும் குருவிகள் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கின்றன, குறைந்திருப்பது சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் என்கிறது அது. டவர் எட்டாத கிராமம் இன்று எத்தனை? அங்கெல்லாம் மளிகைக் கடை அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து சண்டை போடுவது யாராம்? காகம் டவரிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறதே, அண்ணாந்து பார்த்ததில்லையா?

“அப்படியானால் எங்கள் தெருவில் ஏன் காணோம்?” என்று கேட்பீர்கள். வளர்ந்த குருவி தானியம் தின்னும். குஞ்சுக்கு முதல் சில நாட்கள் புழு பூச்சிதான் சாப்பாடு. கூட்டுக்குத் திரும்பும் குருவியின் அலகைக் கவனியுங்கள், பச்சைப் புழு ஒன்று நெளியும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் கூடுகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வும், பூச்சி போதாமல் குஞ்சுகள் சாவதைத்தான் கண்டது. போதாததற்கு, கூடு கட்ட இருந்த ஓட்டு வீட்டு இடுக்குகளும் போய்விட்டன.

கூட்டுப்பெட்டி மாட்டினால் குருவி வந்துவிடும் என்பது பாதி உண்மை. பூச்சியில்லாத தெருவில் அது வெறும் பெட்டி. கீழே விழுந்த குஞ்சை மனிதக் கை தொட்டால் தாய் சேர்க்காது என்பது சுத்தப் பொய். எடுத்துக் கூட்டில் வைத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

பிள்ளைகள் செய்யக்கூடியது எளிது. தொட்டியில் அவரைக் கொடி வைக்கலாம். அதில் அசுவினிப் பூச்சி அப்பினால் உடனே மருந்தடிக்க ஓடாமல் இருந்தாலே பாதிப் புண்ணியம். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் 15 நிமிடம் நின்று எண்ணி, பார்த்ததைப் பதிவேற்றலாம். டவர் படம் வரைவதைவிட அது உருப்படியான வேலை.

எனக்கு ஆகாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: பேவர் பிளாக். வாசல், கோயில் பிராகாரம், பள்ளி மைதானம் என்று ஓரிடம் பாக்கியில்லை. குருவிக்குப் புழுதிக் குளியல் வேண்டும். காய்ந்த மண்ணில் சின்னக் குழி பறித்து, வயிற்றை அழுத்தி உட்கார்ந்து, இறக்கையால் புழுதியை முதுகில் வாரிப் போட்டுக்கொள்ளும். சிமெண்டுக் கல்லில் எதை வாரும்? உங்கள் பள்ளி மைதானத்துக்கும் கல் பதிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால், வேப்பமரத்தடி மூலையையாவது மண்ணாக விடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் மனு கொடுங்கள். வகுப்பு முழுக்கக் கையெழுத்துப் போடுங்கள்.