ஒரே டிஸ்க்கில் விண்டோஸும் உபுண்டுவும்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டது. பழைய லேப்டாப்பில் உபுண்டு போட ஆசை இருக்கும். ஆனால் டேலி மாதிரி ஏதாவது ஒரு மென்பொருள் விண்டோஸை விடவிடாது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். உபுண்டு நிறுவுவது எளிது. கவனம் வேண்டியது அதற்கு முன்னால், டிஸ்க்கில் இடம் ஒதுக்கும்போதுதான்.

முதலில், இழக்க முடியாத கோப்புகளை வெளி டிரைவில் பேக்கப் எடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர். பல புது லேப்டாப்களில் அது கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் அதை அணைத்து, பூட்டு முழுதும் நீங்கும்வரை காத்திருங்கள். அணைக்க மனமில்லையென்றால் 48 இலக்க மீட்புச் சாவியையாவது தாளில் எழுதி வையுங்கள். கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கையும் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுமையாக அணையாது. அந்த நிலையில் உபுண்டுவிலிருந்து சி டிரைவில் எழுதப்போனால் கோப்புகள் கெடலாம்.

இனி இடம். விண்டோஸின் பார்ட்டிஷனை விண்டோஸை வைத்தே சுருக்குங்கள். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். சி டிரைவை ரைட் கிளிக் செய்தால் 'ஷ்ரிங்க் வால்யூம்' வரும். அளவை எம்பியில் கேட்கும். 80 ஜிபி வேண்டுமென்றால் 81920. உபுண்டு 25 ஜிபியிலேயே உட்காரும் என்றாலும் சில மாதங்களில் மூச்சுத் திணறும்.

டிஸ்க்கில் 200 ஜிபி காலியாக இருந்தும் 10 ஜிபிதான் தருவேன் என்று விண்டோஸ் அடம்பிடிக்கலாம். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், ரீஸ்டோர் பாயின்ட்கள் போன்ற நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் கிடப்பதுதான் காரணம். அவற்றைத் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி சுருக்கிப் பாருங்கள்; பெரும்பாலும் இடம் விடும்.

கிடைத்த 'அன்அலோகேட்டட்' இடத்தை அப்படியே விடுங்கள். அதை ஃபார்மேட் செய்து டி டிரைவாக்கிவிடக் கூடாது. பக்கத்திலிருக்கும் சின்ன ரெக்கவரி பார்ட்டிஷனையும் தொட வேண்டாம்.

ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு பென் டிரைவில் உபுண்டுவை ஏற்றுங்கள். பிறகு லேப்டாப்பை அதிலிருந்து கிளப்ப பூட் மெனு: டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9.

நிறுவும்போது 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்ற தேர்வு வந்தால் அதையே எடுங்கள். வராவிட்டால் மேனுவல் வழி: காலி இடத்தில் ஒரே ஒரு இஎக்ஸ்டி4 பார்ட்டிஷன், மவுன்ட் பாயின்ட் வெறும் சாய்கோடு. ஸ்வாப்புக்குத் தனி பார்ட்டிஷன் வேண்டாம். உபுண்டு ஸ்வாப் ஃபைலே வைத்துக்கொள்ளும். இஎஃப்ஐ பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மேட் செய்யவே கூடாது. விண்டோஸைக் கிளப்பும் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. உபுண்டுவும் அதையே பகிர்ந்துகொள்ளும்.

டிஸ்க்கே கண்ணில் படவில்லையா? சில இன்டெல் லேப்டாப்களில் ஆர்எஸ்டி என்ற சேமிப்பக அமைப்பு அதை மறைத்துவிடும். பயாஸில் ஏஎச்சிஐ-க்கு மாற்ற வேண்டும். முன்னேற்பாடில்லாமல் மாற்றினால் விண்டோஸ் எழாது. முதலில் விண்டோஸை சேஃப் மோடில் கிளம்பும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள்.

முடிந்தபின் விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கலாம். மதர்போர்டின் கடிகாரத்தை உபுண்டு யுடிசியாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிப்பதால் வரும் குழப்பம் இது. உபுண்டுவையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் சரியாகும்.

பின்னாளில் உபுண்டு வேண்டாமென்று தோன்றினால், பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்கு ஏற்றிய பிறகே உபுண்டுவின் பார்ட்டிஷனை அழியுங்கள்.