குழந்தைகளுக்கு நற்செயல் பழக்கம்: யூதர் மரபிலிருந்து ஒரு பாடம்

அவ்வை சண்முகம் சாலை என்று இன்று வழங்கும் பழைய லாயிட்ஸ் சாலை வழியாக நாள்தோறும் பேருந்தில் செல்வோருள் பலர், அங்கே யூதர்களின் இடுகாடு ஒன்று இருப்பதை அறியார். பதினேழாம் நூற்றாண்டில் பவழத்தைக் கொண்டுவந்து விற்று, வைரம் வாங்கிச் செல்ல மதராசுக்கு வந்த யூத வணிகக் குடும்பங்களின் நினைவு, மண்ணடியில் பவழக்காரத் தெரு என்ற பெயராகவும், இந்த இடுகாட்டில் சில கற்களாகவும் எஞ்சியுள்ளது. 1687இல் இந்நகரிலேயே காலமான ஜாக் தெ பாய்வா அவ்வணிகருள் ஒருவர். தங்கசாலைத் தெருவில் இருந்த பழைய இடுகாட்டின் கற்கள் 1983இல் இவ்விடத்திற்குக் கொணரப்பட்டன.

இறந்தவர்க்குச் செய்யும் தொண்டினை யூதர்கள் 'உண்மையான அன்பு' என்று பொருள்படும் சொல்லால் குறிக்கின்றனர். இறந்தவர் நன்றி கூறவும் மாட்டார், கைம்மாறு செய்யவும் மாட்டார். ஆதலின் அத்தொண்டில் கலப்பில்லை என்பது அவர்தம் கருத்து. இதை நான் முதன்முதலாகப் படித்தபோது, என் ஆசிரியப் பணியில் நேர்ந்த ஒரு பிழை நினைவுக்கு வந்தது. பெற்றோர்களுக்குப் பயன்படும் என்பதால் அதைக் கூறிவிடுகிறேன்.

1980களில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஆசிரியப் பயிற்சியில் ஊக்கப்பரிசு பற்றிக் கற்றதை அப்படியே நடைமுறைப்படுத்தி, சுவரில் 'நற்செயல் அட்டை' ஒன்று மாட்டினேன். நற்செயல் புரிந்த குழந்தையின் பெயருக்கு எதிரே வண்ண நட்சத்திரம் ஒட்டப்படும். முதல் மாதம் வகுப்பே தொண்டர் படையாக மாறியது! எனக்கும் பெருமிதம். பின்னர் ஒரு சிறுமியின் ரப்பர் ஒரே வாரத்தில் மூன்று முறை காணாமற்போயிற்று. மூன்று முறையும் அதைக் கண்டெடுத்துக் கொடுத்தவன் ஒரே சிறுவன். தனியே அழைத்துக் கேட்டேன். அவன் பொய் சொல்லவில்லை. "எனக்கு நட்சத்திரம் கம்மியா இருந்துச்சு டீச்சர்" என்றான். அவனைத் திருடச் செய்தவள் நான். அன்று மாலையே அட்டையைக் கழற்றிவிட்டேன்.

யூதர் மரபில் நற்செயலுக்கு வழங்கும் சொல் 'மிட்ஸ்வா'. அதன் நேர்ப்பொருள் 'கட்டளை' என்பதே. பேச்சுவழக்கில்தான் அது நற்செயலைக் குறிக்கலாயிற்று. அவர்கள் மரபில் கட்டளைகள் 613 என்று எண்ணப்படுகின்றன; அவற்றுள் 'செய்' என்பன 248, 'செய்யாதே' என்பன 365. ஈகைக்கு அவர்கள் வழங்கும் 'செதாக்கா' என்னும் சொல், நீதி என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. கொடுப்பவன் பெரியவன் ஆவதில்லை. பிறர்க்கு உரியதைத் திருப்பித் தருகிறான், அவ்வளவே. கடமையைச் செய்தவனுக்கு நட்சத்திரம் ஏது?

இவை நம்மிடம் இல்லாதனவா என்று சிலர் வினவக்கூடும். உணவு, மருந்து, நூல், அபயம் என நால்வகைத் தானம் வகுத்த மரபு நம்முடையது. எனினும் வீட்டில் நாம் குழந்தைகட்குச் சொல்வன பெரும்பாலும் கொல்லாதே, பொய் சொல்லாதே, எடுக்காதே என்பனவாகவே அமைந்துவிடுகின்றன. எட்டு வயதுக் குழந்தைக்கு இன்று மாலை செய்வதற்கு ஒரு செயல் வேண்டும். அத்தகைய சிறு செயல்கள் யூதர் நூல்களில் நுணுக்கமாகச் சொல்லப்பட்டுள்ளன.

ஓர் எடுத்துக்காட்டு. வாங்கும் எண்ணம் இல்லாமல் கடைக்காரரிடம் விலை கேட்டல் ஆகாது என்று அவர்தம் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா விதிக்கிறது. விற்பவர் மனத்தில் வீணே நம்பிக்கையை எழுப்பி வருத்துதல் தவறு என்பது காரணம். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் மாலை முழுதும் சுற்றிவரும் நம்மில் எத்தனை பேர் இவ்விதிக்குத் தேறுவோம்? (நானும் தேறமாட்டேன்.) ஆனால் நடைபாதையில் கடை விரித்திருப்பவரின் முகத்தைக் குழந்தைக்குக் காட்டி இதனை விளக்கினால், அது மறக்காது. வளர்க்கும் விலங்குக்கு உணவிட்ட பின்னரே தான் உண்ணவேண்டும் என்பதும் அவர்கள் விதி. கோடையில் மாடியில் காக்கைக்குத் தண்ணீர் வைத்த பின் காலை உணவு என்றால், நம் வீட்டுக் குழந்தைகள் தயங்காமல் செய்வர்.

வெள்ளிக்கிழமை மாலை, ஓய்வுநாள் விளக்கேற்றுவதற்கு முன் உண்டியலில் காசு இடுவது யூத இல்லங்களின் வழக்கம். குழந்தையின் கையாலேயே இடச் செய்வர். பொழுது சாய்வதற்குள் உண்டுமுடிக்கும் நம் இல்லங்களில், இலைபோடும் முன் இதனைச் செய்யலாம். தொகை பெரிதன்று. உண்டியல் நிறைந்ததும் அது யாருக்கு என்று குழந்தையும் கூடியிருந்து முடிவு செய்யவேண்டும்.

என்னை மிகக் கவர்ந்தது வயலோரம் பற்றிய விதி. அறுவடைக் காலத்தில் வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைகட்கு விட்டுவிட வேண்டும். மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிச் செல்லலாகாது. உடையவன் அதைத் தன் கையால் பங்கிட்டு அளிப்பதும் முறையன்று. வேண்டுவோர் தாமே வந்து அறுத்துக்கொள்வர். எனவே கையேந்தும் நாணம் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தபோது, கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாத ஈகையை இரண்டாம் படியில் வைத்தார். அதனினும் உயர்ந்தது ஒன்றே: கடனோ தொழிலோ கூட்டோ தந்து, ஒருவர் மீண்டும் பிறரிடம் கேட்கத் தேவையில்லாதவாறு நிலைநிறுத்துவது.

வயலோர விதியைப் பின்னாளில் நான் படித்தபோது வியப்புற்றேன். ஏனெனில், நட்சத்திர அட்டையைக் கழற்றிய பின் வகுப்பின் பின்மூலையில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை வைத்து, அதில் பத்துப் பென்சில்களும் சில ரப்பர்களும் போட்டிருந்தேன். வேண்டுபவர் கேளாமல் எடுக்கலாம், போடுபவர் சொல்லாமல் போடலாம் என்பதே ஏற்பாடு. முதல் வாரத்திலேயே டப்பா காலியாயிற்று. உடன் பணியாற்றிய ஆசிரியைகள் நகைத்தனர். மீண்டும் நிரப்பினேன், அதுவும் தீர்ந்தது. மூன்றாம் முறை நிரப்பப் போனபோது, உள்ளே நான் போடாத பென்சில்கள் நான்கு கிடந்தன. ஒன்றின் முனை நன்றாகக் கடிக்கப்பட்டிருந்தது. யார் போட்டது என்று நான் விசாரிக்கவில்லை.