கோல்கொண்டா மலைக்குத் தண்ணீர் ஏறிய கதை



சென்ற ஆண்டு கல்விச் சுற்றுலாவாக ஹைதராபாத் சென்று வந்தோம். கோல்கொண்டா கோட்டையில் நாங்கள் எடுத்த போட்டோக்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். நான் எழுத வந்தது போட்டோவில் விழாத ஒரு விஷயத்தைப் பற்றி.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறார். டூருக்குப் பணம் கட்ட, சீட்டு எடுத்துத் தந்தவரும் அவரே. திரும்பி வந்த அன்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே, மலை உச்சியில் தர்பார் மண்டபம், கீழே ராணி மஹால், முற்றத்தில் நீரூற்று என்று அளந்துகொண்டிருந்தேன். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அம்புட்டு ஒசரத்துக்குத் தண்ணிய எப்படிடி ஏத்துனாங்க? அப்ப மோட்டார் ஏது?"

"சக்கரம் வச்சு ஏத்துனாங்கம்மா."

"ஒரே சக்கரத்துலயா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் நல்ல மார்க் வாங்கியவள்தான். கைடு சொன்னது காதில் விழுந்ததே தவிர, 'ஏன்' என்று நான் யோசிக்கவில்லை. யார் காசில் படிக்கிறேனோ அவர் கேட்ட முதல் கேள்விக்கே முழித்தால், இந்தப் படிப்பு எதற்கு? அடுத்த வாரம் முழுவதும் லைப்ரரியிலும் எங்கள் ஹைட்ராலிக்ஸ் சாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதே இக்கட்டுரை.

கோட்டையும் அதன் காலமும்

தெலுங்கில் 'கொல்ல' என்றால் ஆயர், 'கொண்டா' என்றால் மலை. ஆயர் மலை என்பதே கோல்கொண்டா ஆயிற்று. காகதீயர் காலத்தில் மண் கோட்டையாக இருந்ததை, குதுப் ஷாஹி மன்னர்கள் கருங்கல் கோட்டையாக மாற்றினார்கள். 1518 முதல் 1687 வரை அவர்கள் ஆட்சி. 1591-ல் ஹைதராபாத் நகரை உருவாக்கிய பிறகும் கோட்டையின் மதிப்புக் குறையவில்லை. 1687-ல் ஔரங்கசீப்பின் படை எட்டு மாதம் முற்றுகை இட்டும் மதிலை உடைக்க முடியவில்லை. கடைசியில் உள்ளே இருந்த ஒருவர் ராத்திரியில் கதவைத் திறந்து விட்டதால்தான் கோட்டை வீழ்ந்தது.

வெளி மதிலில் 87 கொத்தளங்கள், 8 வாசல்கள். பெரிய கதவுகளில் இரும்பு முட்கள் பதித்திருக்கிறார்கள். யானை முட்டித் தள்ள முடியாது. பாலா ஹிஸார் வாசலுக்கு முன்னால் ஒரு மறைப்புச் சுவர் இருப்பதால், யானை நேராக ஓடி வந்து வேகம் எடுக்கவும் வழியில்லை. 'வேகம் இல்லையேல் உந்தம் இல்லை' என்று மெக்கானிக்ஸில் படித்தோமே, அதேதான்!

கைதட்டும் மண்டபம்

வாசலைத் தாண்டியதும் உள்ள மண்டபத்தில் குறிப்பிட்ட இடத்தில் நின்று கை தட்டினால், மலை உச்சியில் கேட்கிறது. எங்களில் பாதிப் பேர் மேலே, பாதிப் பேர் கீழே நின்று சோதித்துப் பார்த்தோம். காரணம், வளைந்த மேல்கூரை. சமதளத்தில் ஒலி நாலாபுறமும் சிதறும். வளைந்த பரப்பு அதைத் திருப்பி ஒரு பக்கமாகக் குவித்து அனுப்பும். டார்ச் லைட்டில் பல்புக்குப் பின்னால் உள்ள கிண்ணம் ஒளிக்குச் செய்வதை, இந்தக் கூரை ஒலிக்குச் செய்கிறது. அதனால்தான் இரண்டடி தள்ளி நின்று தட்டினால் அவ்வளவாக எடுபடவில்லை.

இனி அம்மாவின் கேள்வி

மலையின் உயரம் சுமார் 120 மீட்டர். கீழே சேகரித்த நீரைப் பாரசீகச் சக்கரங்கள் மூலம் மேலே ஏற்றினார்கள். மாடு சுற்றச் சுற்ற, சக்கரத்தில் மாலை போலத் தொங்கும் பானைகள் நீரை அள்ளி வந்து கொட்டும். நம் ஊர்க் கமலையில் மாடு முன்னும் பின்னும் நடக்க வேண்டும். இதில் வட்டமாகச் சுற்றினால் போதும், நீர் விட்டு விட்டு வராமல் தொடர்ந்து வரும்.

ஒரே சக்கரத்தில் ஏன் முடியாது? 120 மீட்டர் நீளத்துக்குக் கயிறும் நீர் நிரம்பிய பானைகளும் தொங்கினால், அந்தப் பாரத்தில் கயிறு அறுந்துவிடும், மாடும் இழுக்காது. சரி, குழாயில் ஏற்றலாமே என்றால், 10 மீட்டர் உயர நீர் அடியில் தரும் அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. 120 மீட்டருக்கு 12 கிலோ. சுடுமண் குழாய் அதைத் தாங்குமா?

எனவே படிப்படியாக ஏற்றினார்கள். ஒரு சக்கரம் ஒரு தொட்டி வரை. அந்தத் தொட்டியிலிருந்து அடுத்த சக்கரம் அதற்கு மேல் உள்ள தொட்டி வரை. ஒவ்வொரு தொட்டியும் திறந்தது என்பதால், அங்கே அழுத்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. வெவ்வேறு உயரத்தில் இருந்த தொட்டிகளிலிருந்து சுடுமண் குழாய் வழியே தானாக இறங்கிய நீர்தான் அரண்மனைகளுக்கும் நீரூற்றுகளுக்கும் போயிற்று. இன்று மலையூர்க் குடிநீர்த் திட்டங்களில் இடையிடையே தொட்டி கட்டி அழுத்தத்தைக் குறைப்பதும் இதே தத்துவம்தான்.

ஒரு சின்னக் கணக்கு

1000 லிட்டர் நீரை 120 மீட்டர் ஏற்றத் தேவையான வேலை: 1000 × 9.81 × 120 = 11,77,200 ஜூல். நஷ்டத்தை விட்டுவிட்டால், இன்றைக்கு மூன்றில் ஒரு பங்கு யூனிட் கரண்ட். எங்கள் அம்மா 15 லிட்டர் குடத்தைச் சும்மாட்டில் வைத்து 9 மீட்டர் உயர மூன்றாம் தளத்துக்கு ஏற்றினால், 15 × 9.81 × 9 = 1,324 ஜூல். அந்த 1000 லிட்டருக்குச் சமமாக அவர் 889 தடவை ஏற வேண்டும். இதில் ஒவ்வொரு தடவையும் அவர் தன் உடம்பையும் சேர்த்து ஏற்றுவது கணக்கில் வரவில்லை. நம் ஃபார்முலாவில் அதற்கு இடம் இல்லை.

தோட்டங்களும் படிக்கிணறுகளும்

கோட்டைக்குள் நகீனா பாக் தோட்டம் இருக்கிறது. பிற்காலத்தில் சேர்த்த நயா கிலா பகுதியில் 2014-ல் தொல்லியல் துறை தோண்டியபோது, நீர்க்கால்வாய்களும் சுடுமண் குழாய்களும் கொண்ட தோட்டம் வெளிப்பட்டது. கோட்டைக்கு வடக்கே குதுப் ஷாஹி மன்னர்களின் கல்லறைகள் தோட்டத்தின் நடுவே உள்ளன. அங்குள்ள பெரிய படிக்கிணறு 2013 மழையில் ஒரு பக்கம் இடிந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. கோல்கொண்டா படிக்கிணறுகளைப் புதுப்பித்த பணிக்கு 2022-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. கட்டுவது மட்டுமல்ல, பழுது பார்ப்பதும் சிவில் படிப்புதான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

முடிவாக

இதையெல்லாம் நோட்டில் படம் போட்டு அம்மாவிடம் காட்டினேன். முழுசாகச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் சிரித்துவிட்டார்.

"இதுக்கா ஒரு வாரம்? நாங்க சாரத்துல ஆளுக்கு ஆள் நின்னு செங்கல் கைமாத்துறமே, அதுதான இது?"

ஆமாம், அதுதான். நான் புத்தகத்தில் தேடியது அவர் கையில் இருந்தது. 'அழுத்தம்' என்ற பெயரும் அதன் கணக்கும் மட்டும்தான் நான் கொண்டுவந்தது.

நண்பர்களே, செமஸ்டர் முடிந்ததும் மறந்து போகிற படிப்பு நமக்கு வேண்டாம். படித்ததை வீட்டில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அவர்களுக்குப் புரிந்தால், உங்களுக்கும் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

— மூன்றாம் ஆண்டு மாணவி, சிவில் துறை