லினக்ஸில் டிரைவரும் மென்பொருளும்: எந்த வழியில் நிறுவுவது?

லினக்ஸைப் புதிதாக நிறுவியவர் முட்டிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான். ஏதோ ஒரு கருவி வேலை செய்யாது. அல்லது, வேண்டிய மென்பொருளை நிறுவ நான்கைந்து வழிகள் இருக்கும், எதைப் பிடிப்பது என்று தெரியாது. இரண்டுக்கும் இணையத்தில் விடை உண்டு, தேவைக்கு மேலேயே உண்டு. டெர்மினலில் ஒட்டச் சொல்லி ஒருவர் பத்து வரி தருகிறார், இன்னொருவர் வேறு பத்து வரி. எல்லாவற்றையும் முயன்று முடிக்கும்போது எது பலித்தது, எது பாதியில் நின்றது என்பது கணினிக்காரருக்கே தெரியாமல் போகிறது.

இந்த வழிகளுக்குள் தேர்ந்தெடுக்க நான் கைக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. அடுத்த முறை லினக்ஸின் மையமான கர்னல் அப்டேட் ஆகும்போது இதை யார் பார்த்துக்கொள்வார்கள்? உபுண்டு, டெபியன் போன்ற டிஸ்ட்ரோவை நடத்துகிறவர்களா, மென்பொருளை எழுதியவர்களா, நாமேவா? 'நாம்தான்' என்று விடை வந்தால் அந்த வழியைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம்.

விண்டோஸில் பழகியவர்களுக்கு டிரைவர் என்றால் கருவியோடு வரும் சிடி, அல்லது தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கும் கோப்பு. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. அதனால் டிரைவரைத் தேடி அலைவதைவிடப் புதிய கர்னலுக்கு மாறுவதே பல நேரங்களில் சரியான மருந்து. பலர் இதை முயல்வதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

அதற்கு முன் நோய் என்னவென்று பார்க்க வேண்டும். கருவியைக் கணினி பார்க்கவே இல்லையா? பார்த்தும் டிரைவர் இல்லையா? டிரைவர் இருந்தும் அதற்குத் தேவையான ஃபர்ம்வேர் கோப்பு இல்லையா? எல்லாம் இருந்தும் ஏதோ ஒன்று தடுக்கிறதா? நான்கும் வேறு வேறு. எல்எஸ்பிசிஐ, எல்எஸ்யுஎஸ்பி என்ற இரு கட்டளைகள் முதல் கேள்விக்கு விடை சொல்லும். கர்னலின் பதிவுகளில் ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை என்ற வரி தென்பட்டால் டிரைவரைத் தொடவே வேண்டாம், ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவினால் போதும். டெபியனில் இந்தத் தொல்லை நெடுநாள் இருந்தது. 2022 அக்டோபரில் அதன் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவெடுத்த பிறகு, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரும் அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே வருகிறது. பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு 'டெபியனில் வைஃபை வராது' என்று ஒதுங்குகிறவர்கள் மறுபடி முயன்று பார்க்கலாம்.

வைஃபை இல்லாமல் வைஃபை டிரைவரை எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளால் கணினியில் இணைத்து, போனின் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். பெரும்பாலும் எந்த டிரைவரும் நிறுவாமலே கணினிக்கு இணையம் வந்துவிடும். இணையம் வந்ததும் உபுண்டுவில் 'கூடுதல் டிரைவர்கள்' என்ற கருவியையும், லினக்ஸ் மின்ட்டில் டிரைவர் மேலாளரையும் திறந்து பாருங்கள். பழைய மடிக்கணினிகளில் இருக்கும் பிராட்காம் சிப்புகளில் பல இங்கேயே சரியாகிவிடும்.

யுஎஸ்பி வைஃபை டாங்கிள்தான் சிக்கல் மிகுந்தது. பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரை நம்ப முடியாது. ஒரே பெயரில் வரும் டாங்கிளின் முதல் பதிப்பில் ஒரு சிப்பும் அடுத்த பதிப்பில் வேறு சிப்பும் இருக்கும். எல்எஸ்யுஎஸ்பி காட்டும் அடையாள எண்ணை வைத்துத்தான் உள்ளே இருப்பது எது என்று அறிய வேண்டும். சில டாங்கிள்கள் செருகியதும் தங்களை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொள்ளும். விண்டோஸ் டிரைவரை உள்ளேயே வைத்திருப்பதால் வரும் வினை இது. யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சிறு கருவி அதை வைஃபை நிலைக்குத் திருப்பும்.

ரியல்டெக்கின் 8821சியு வகைச் சிப்பை எடுத்துக்கொள்வோம். இதற்கு இரண்டு வழிகள். கிட்ஹப்பில் யாரோ பராமரிக்கும் மூலநிரலை இறக்கி, டிகேஎம்எஸ் மூலம் ஏற்றுவது ஒன்று. டிகேஎம்எஸ் ஒவ்வொரு கர்னல் அப்டேட்டின்போதும் டிரைவரைத் தானே மறுபடி தொகுக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் புதிய கர்னலுக்கு ஏற்ப அந்த மூலநிரலை யாரும் திருத்தாமல் விட்டுவிட்டால் தொகுப்பு தோற்கும், ஒரு காலை வைஃபை இருக்காது. மற்ற வழி, கர்னலை மாற்றுவது. இந்த யுஎஸ்பி வகைகளுக்கான ஆதரவு 6.2 கர்னலிலேயே சேர்ந்துவிட்டது. உபுண்டு 22.04 வந்தபோது இருந்தது 5.15 கர்னல், அதில் இது இல்லை. அதே 22.04க்கு உபுண்டுவே தரும் புதிய வன்பொருள் ஆதரவுக் கர்னல் 6.8, அதில் உண்டு. மின்ட்டில் அப்டேட் மேலாளரின் கர்னல் பட்டியலிலேயே இதற்கு வழி இருக்கிறது, டெபியனில் பேக்போர்ட்ஸ் களஞ்சியம் இருக்கிறது. நான் கர்னல் பக்கம்தான். ஏற்கெனவே கிட்ஹப் டிரைவரைப் போட்டிருந்தால், கர்னலை மாற்றும்போது அதை நீக்கிவிடுங்கள். ஒரே டாங்கிளுக்கு இரண்டு டிரைவர்கள் போட்டியிட்டால் சிக்கல் வரலாம்.

புதிதாக வாங்கப்போகிறீர்களா? மீடியாடெக்கின் 7612யு, 7921ஏயு சிப்புகள் உள்ள டாங்கிள்களைத் தேடுங்கள். இவற்றின் டிரைவர்கள் கர்னலிலேயே உள்ளன. கொஞ்சம் விலை கூடினாலும் பிறகு நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வது மிச்சம்.

டிரைவரை ஒழுங்காக நிறுவியும் அது ஏறவில்லை என்றால், கையெழுத்தில்லாத டிரைவரைத் தடுக்கும் செக்யூர் பூட்டைச் சந்தேகியுங்கள். நம் கணினியில் தொகுத்த டிரைவரை நம் சாவியால் கையெழுத்திட்டு, அந்தச் சாவியைக் கணினியிடம் பதிவு செய்தாக வேண்டும். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த ரீபூட்டில் நீலத் திரை ஒன்று வந்து அதே கடவுச்சொல்லைக் கேட்கும். சில நொடிகளில் அந்தத் திரை மறைந்துவிடும். ஏதோ பிழை என்று நினைத்து அதைக் கடந்து போகிறவர்கள்தான் அதிகம். செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்று சொல்பவர்கள் உண்டு. வேலை நடக்கும், ஆனால் ஒரு பாதுகாப்பு போய்விடுகிறது. சாவியைப் பதிவு செய்வதற்குச் சில நிமிடங்கள் போதும், அதையே செய்யுங்கள்.

இனி கிராஃபிக்ஸ். இன்டெல், ஏஎம்டி வைத்திருப்பவர்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கர்னலும் மேசா நூலகங்களும் பார்த்துக்கொள்ளும். என்விடியாவில்தான் தேர்வு வருகிறது. நூவோ என்பது தயாரிப்பாளரின் உதவி அதிகமில்லாமல், அட்டையின் நடத்தையை ஆராய்ந்தே எழுதப்பட்ட கட்டற்ற டிரைவர். திரையைக் காட்டும். ஆனால் 900, 1000 வரிசை ஜிடிஎக்ஸ் அட்டைகளில் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் பூட்டு இருப்பதால் வேகத்தை அதனால் உயர்த்த முடியாது. 2022 மே மாதத்தில் என்விடியா தன் கர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்தது. அது டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் மட்டும், அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 முதல். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு இந்தத் திறந்த வடிவம் மட்டுமே பொருந்தும். 900, 1000 வரிசைகளுக்கு 580 தான் கடைசிக் கிளை. அதற்கும் பழைய கெப்ளர் அட்டைகளுக்கு 470 கிளையோடு முடிந்துவிட்டது. அட்டையின் வயதை அறியாமல் 'சமீபத்தியது' என்று ஏற்றினால் கறுப்புத் திரைதான் மிஞ்சும்.

எங்கிருந்து எடுப்பது? என்விடியா தளத்தில் கிடைக்கும் ரன் கோப்பு விண்டோஸ் பழக்கத்துக்கு நெருக்கமாக இருப்பதால் பலர் அதற்குப் போகிறார்கள். உபுண்டு, டெபியனின் தொகுப்பு மேலாளரான அப்ட்டுக்கு அந்தக் கோப்பு வைத்தது எதுவும் தெரியாது. பிறகு ஒரு அப்டேட் அதே இடத்தில் வேறு பதிப்பை வைக்கும்போது இரண்டும் மோதும். உபுண்டுவில் 'கூடுதல் டிரைவர்கள்' வழியாகப் போனால், முன்கூட்டியே தொகுத்துக் கையெழுத்திட்ட டிரைவரே பெரும்பாலும் கிடைக்கும், நீலத் திரைக்கும் வேலையில்லை. ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளிக் களஞ்சியம். அங்கே கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு டிரைவர் பின்னணியில் தொகுக்கப்படும், உடனே ரீபூட் செய்யாமல் சில நிமிடம் பொறுங்கள். இன்டெலும் என்விடியாவும் சேர்ந்த மடிக்கணினியில் விளையாட்டு, பிளெண்டர், வீடியோ எடிட்டிங் எதுவும் இல்லை என்றால் என்விடியா டிரைவரே வேண்டாம் என்பேன்.

பிரிண்டரில் புதியது, பழையது என்பதுதான் கோடு. நெட்வொர்க் வசதியுள்ள புதிய பிரிண்டர்களில் பெரும்பாலானவை டிரைவரே இல்லாமல் கப்ஸ் என்ற அச்சு அமைப்பின் வழியாக அச்சிடும். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய லேசர்கள் அப்படியல்ல. எச்பி லேசர்ஜெட் 1020க்குத் தன் ஃபர்ம்வேரை நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாது, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினி அதை அனுப்ப வேண்டும். எச்பியின் லினக்ஸ் டிரைவர் தொகுப்பான எச்பிலிப்பும் அதன் பிளக்-இன்னும் இந்த வேலையைச் செய்கின்றன, இரண்டின் பதிப்பும் ஒத்திருக்க வேண்டும். டிஸ்ட்ரோவை மேம்படுத்திய மறுநாள் 1020 அச்சிடவில்லை என்றால் பிளக்-இன்னை மறுபடி இறக்குங்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். கேனன் எல்பிபி 2900க்குத் தயாரிப்பாளர் தரும் டிரைவர் டிஸ்ட்ரோவுக்கு வெளியே இருப்பது, 32 பிட் நூலகங்களையும் கேட்கும். பாடுபட்டால் வரும். கடையை நம்பி வீடு நடக்கிறது என்றால், லினக்ஸுக்கு மாறும் முன் அந்த ஒரு பிரிண்டரைச் சோதித்துவிட்டு மாறுங்கள்.

மென்பொருளுக்கும் கேள்வி அதேதான்: அடுத்த அப்டேட்டை யார் பார்த்துக்கொள்வார்கள்? டிஸ்ட்ரோவின் களஞ்சியத்தில் இருந்தால் அங்கிருந்தே எடுங்கள். பதிப்பு பழசாக இருக்கும், பலருக்கு அது பொருட்டே இல்லை. 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவிக்குள் யாரோ பின்வாசல் வைத்திருந்ததை ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைக் கிளைகளுக்கு அது வந்திருந்தது, நிலையான வெளியீட்டை எட்டவில்லை. பழைய பதிப்புக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது.

புதிய பதிப்பு உண்மையிலேயே தேவை என்றால் ஃபிளாட்பேக்கா, ஸ்நாப்பா? மேசைக் கணினியில் நான் ஃபிளாட்பேக்கைச் சொல்வேன். முதல் மென்பொருளோடு நூற்றுக்கணக்கான எம்பி அடித்தளமும் இறங்கும், குறைந்த டேட்டாக்காரர்கள் கவனிக்க வேண்டும். அடுத்தடுத்தவை அதைப் பகிர்ந்துகொள்ளும். ஃபிளாட்பேக்குகள் கிடைக்கும் ஃபிளாட்ஹப்பில் 'சரிபார்க்கப்பட்டது' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்நாப் தானாகவே அப்டேட் ஆகிவிடும். கணினியைக் கவனிக்க நேரமில்லாதவருக்கு அது நல்லதே. உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸை அப்ட்டில் கேட்டாலும் ஸ்நாப்பே வருகிறது.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டெக்ஸ்ட் எடிட்டரில் தமிழ்99 ஒழுங்காக வருகிறது, உலாவியில் மட்டும் வரவில்லை என்றால் தட்டச்சுக் கருவியான ஐபஸின் அமைப்பை நோண்டாதீர்கள். ஸ்நாப், ஃபிளாட்பேக் போலப் பெட்டிக்குள் அடைத்து வரும் மென்பொருள்களில் வெளியிலிருக்கும் தட்டச்சுக் கருவியோடு தொடர்பு சில நேரம் அறுந்துபோகும். அதே மென்பொருளை வேறு வடிவில் நிறுவிப் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸுக்கு 2024 ஜனவரி முதல் மொசில்லாவே அப்ட் களஞ்சியம் நடத்துகிறது.

ஆப்இமேஜ் ஒரே கோப்பு, நிறுவவே வேண்டாம், அப்டேட்டை மட்டும் நாம்தான் பார்க்க வேண்டும். இரண்டு முறை கிளிக் செய்தும் திறக்காவிட்டால் இயக்கும் அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், பிறகு ஃபியூஸ் 2 நூலகத்தைப் பாருங்கள். உபுண்டு 22.04இலிருந்து அது இயல்பாக வருவதில்லை. தளத்திலிருந்து இறக்கும் டெப் கோப்புகளில் குரோம் போன்ற சில தங்கள் களஞ்சியத்தையும் சேர்த்துக்கொண்டு அப்டேட் வாங்கும், மற்றவை இறக்கிய நாளிலேயே நின்றுவிடும். தனிநபர்கள் நடத்தும் களஞ்சியங்களான பிபிஏக்களை உபுண்டுவே அடுத்த வெளியீட்டுக்கு மாறும்போது முடக்கிவிடுகிறது. அதிகம் சேர்த்தால் அந்த நாளில் அதிகம் அவதி. பைதான் தொகுப்புகளை பிப் நிறுவ மறுத்து, இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொன்னால், மீறும் தெரிவைப் போட்டுத் தள்ளாதீர்கள். டெஸ்க்டாப்பின் பல கருவிகள் அதே பைதானில்தான் ஓடுகின்றன. தனிச் சூழல் ஒன்றை உருவாக்குங்கள், அல்லது பிப்எக்ஸ் பயன்படுத்துங்கள்.

ஒரு அப்டேட்டுக்குப் பிறகு திரை கறுப்பாகவே நின்றால் மறுபடி நிறுவ ஓடாதீர்கள். கணினி தொடங்கும்போது கிரப் பட்டியலைக் கொண்டுவந்து, மேம்பட்ட தெரிவுகளில் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் எல்லாம் ஓடினால் புதிய கர்னலுக்கு ஏற்ப ஏதோ ஒரு டிரைவர் தொகுக்கப்படவில்லை என்றே பெரும்பாலும் பொருள். வெளியிலிருந்து கொண்டுவந்த டிரைவர் எது என்று டிகேஎம்எஸ் நிலைப் பட்டியல் காட்டும். அதை நீக்கி, டிஸ்ட்ரோ தருவதை நிறுவி, புதிய கர்னலில் மறுபடி தொடங்குங்கள்.