ரொறன்ரோக் காலுக்கு உருத்திரபுரத்தில் பின்னும் காலுறை

உருத்திரபுரத்து வெயிலில் கம்பளிக்கு வேலை இல்லை. மார்கழிப் பனிக்கும் தலையில் ஒரு துவாய் போதும். ஆனால் வன்னி வீடுகள் பலவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருப்பது ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும். அவர்களுக்காகப் பின்னுகிறவருக்கு உள்ள பெரிய இடைஞ்சல், போட்டுப் பார்க்கக் கால் பக்கத்தில் இல்லாததுதான். ஆகவே அளவெடுப்பதே பாதி வேலை.

முதலில் மப்ளர். 4 மில்லிமீற்றர் ஊசியில், நடுத்தரத் தடிப்புக் கம்பளி நூலால் பின்னினால் 10 சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 22 கண்ணிகள் வரும். 20 சென்ரிமீற்றர் அகலத்துக்கு 44 கண்ணி. எல்லா வரிசையையும் ஒரே நேர்ப்பின்னலாகப் போட்டால் ஓரம் சுருளாது. நீளம் 150 முதல் 180 வரை.

அதற்கு முன் ஒரு கையகலத் துண்டு பின்னி, கழுவி, காயவிட்டு, நடுப்பகுதியில் கண்ணிகளை எண்ண வேண்டும். கழுவியபின் கம்பளி தன் அளவை மாற்றிக்கொள்ளும். கண்ணி கூடினால் ஒரு அளவு பெரிய ஊசி, குறைந்தால் சின்னது. இதைத் தவிர்த்துவிட்டுத் தொடங்கும் ஆர்வம்தான் பல மப்ளர்களைப் பாயாக்கியது.

காலுறைக்குச் சப்பாத்து நம்பர் கேட்பதில் பயனில்லை. நாட்டுக்கு நாடு அது மாறும். பாதத்தின் அகன்ற இடத்துச் சுற்றளவையும், குதியிலிருந்து பெருவிரல் நுனிவரை நீளத்தையும் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளலாம். சுற்றளவு 22 சென்ரிமீற்றர் என்றால் பத்தில் ஒரு பங்கு குறைத்து 20 ஆகப் பின்னினால்தான் காலைக் கவ்வி நிற்கும். முக்கால் பங்கு கம்பளியும் கால் பங்கு நைலோனும் கலந்த மெல்லிய நூல், 2.5 மில்லிமீற்றர் ஊசி, 10 சென்ரிமீற்றருக்கு 32 கண்ணி: மொத்தம் 64. ஒரு சோடிக்கு 100 கிராம் நூல் பெரும்பாலும் போதும்.

இருமுனை ஊசிகளில் வட்டமாகக் கணுக்கால்வரை இறங்கியதும் குதி வரும். பலர் கைவிடும் இடம் இது. கணக்கைப் பிடித்துக்கொண்டால் பயமில்லை. பாதிக் கண்ணிகளில், அதாவது 32இல், போய்த் திரும்பி 32 வரிசை. ஒவ்வொரு வரிசையின் முதற்கண்ணியையும் பின்னாமல் நகர்த்தினால் இரு ஓரத்திலும் 16 நீள வளையங்கள் கிடைக்கும். பிறகு நடுவிலிருந்து குறுகிய வரிசைகளாகத் திரும்பித் திரும்பி, ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டை ஒன்றாக்கிக்கொண்டே போனால் 18 மிஞ்சும். துணி தானாகவே கிண்ணமாக வளையும். ஓர வளையங்களையும், மேற்பாதத்துக்கு விட்டிருந்த மறுபாதிக் கண்ணிகளையும் எடுத்துச் சேர்த்தால் வட்டத்தில் 82. ஒன்றுவிட்டொரு சுற்றில் இரண்டிரண்டாகக் குறைத்தால் மறுபடி 64.

விரல் நுனிக்கு 5 சென்ரிமீற்றர் இருக்கும்போது, ஒன்றுவிட்டொரு சுற்றில் நான்கு நான்காகக் குறைத்து 32க்கு வந்து, பின் ஒவ்வொரு சுற்றிலும் குறைத்து 16இல் நிறுத்தலாம். அந்தப் பதினாறையும் தையலூசியால் கண்ணியோடு கண்ணியாக இணைக்கும் முறை, முதல் உலகப்போர்க் காலத்துப் பிரித்தானியப் போரமைச்சர் கிச்சனரின் பெயரால் வழங்குகிறது. தழும்பு இல்லாததால் விரலை உரசாது.

செருப்போடு போட விரும்புகிறவருக்குப் பெருவிரலைத் தனியாகப் பிரிக்கலாம். எகிப்தில் கிடைத்து, இலண்டன் விக்ரோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும், ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழைமையான கம்பளிக் காலுறைக்கும் விரல் அப்படித்தான் பிரிந்திருக்கிறது.

வியர்த்த கையில் கம்பளி ஒட்டும், காலைப்பொழுதே நல்லது. முதற்காலுறை முடிந்த அன்றே இரண்டாவதைத் தொடங்கினால் இறுக்கம் மாறாது. பொதியில் இரண்டு குறிப்புகள் வைக்க வேண்டும்: குளிர்நீரில் கையால் கழுவுக, பிழியாமல் பரப்பிக் காயவிடுக. மிஞ்சிய நூலில் சில மீற்றரையும் சேர்த்து அனுப்பினால், முதலில் தேயும் குதியை அதே நிறத்தில் தைத்துக்கொள்ளலாம்.