முதலில் இடத்தைச் சொல்வோம்

சிவகாசி அருகே எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். மாணவர் பலரின் பெற்றோர் பட்டாசுத் தொழிலாளர்கள். 108 ஆம்புலன்ஸைத் தமிழிலேயே அழைக்கலாம். நாளை வெளிமாநிலம் செல்பவர் 112-ஐ அழைத்தால் சில ஆங்கில வாக்கியங்கள் கைகொடுக்கும்.

வகுப்பில் இருவர் இருவராகப் பேசச் செய்தேன்: ஒருவர் அழைப்பவர், மற்றவர் கட்டுப்பாட்டு அறை. ஒரு மாணவி பதற்றத்துடன், "ஃபயரிங்! கம் சூன்!" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள். "வண்டி எங்கே போகும்?" என்றேன். வகுப்பே அமைதியானது. 'ஃபயர்' என்றால் தீ. 'ஃபயரிங்' என்றால் துப்பாக்கிச் சூடு என்று கொள்வார்கள் என விளக்கினேன்.

பின்னர் கரும்பலகையில் எழுதிய வரிசை:

1. வி ஆர் நியர் தி திருத்தங்கல் பஸ் ஸ்டாப்.
2. தேர் இஸ் எ ஃபயர்.
3. டூ பீப்பிள் ஹேவ் பர்ன்ஸ்.
4. ப்ளீஸ் சென்ட் எ ஃபயர் எஞ்சின் அண்ட் அன் ஆம்புலன்ஸ்.
5. ஐ ஆம் அட் எ சேஃப் டிஸ்டன்ஸ்.

இடம் முதலில் வந்தால், பேச்சு பாதியில் அறுந்தாலும் உதவி வந்து சேரும்.

ஐந்தாவது வாக்கியத்துக்குக் காரணம் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில், உதவவும் பார்க்கவும் ஓடி வந்தவர்களும் உயிரிழந்தனர். விலகி நின்று அழைப்பதும் உதவிதான்.

அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு நம் மாநிலத்தில் 104 உண்டு. அதற்கு, "ஐ நீட் சம் அட்வைஸ்" எனத் தொடங்கப் பழக்கினேன்.

மறுநாள் அதே மாணவி ஊர்ப்பெயரில் தொடங்கினாள். உங்கள் வகுப்பில் திருத்தங்கலுக்குப் பதிலாக உங்கள் ஊரின் அடையாளத்தை எழுதுங்கள்.